பரிவேட மோதிரமும் ஆய்வக வைரமும்

தங்கம் வாங்குவதில் நம் மலேசியத் தமிழர் கைதேர்ந்தவர்கள் என்றால் அது மிகையாகாது. எங்கள் வீட்டுப் பெரியவர்களை மஸ்ஜித் இந்தியாவுக்கோ கிள்ளான் தெங்கு கிளானா சாலைக்கோ அழைத்துச் சென்றால், கடைக்குள் நுழையும் முன்பே அன்றைய கிராம் விலை அவர்கள் வாயில் இருக்கும். 916 முத்திரை எங்கே இருக்கிறது, கூலி எவ்வளவு, சேதாரம் எவ்வளவு, பழைய நகையைக் கொடுத்தால் எவ்வளவு கழியும் என்று வரிசையாகக் கேட்பார்கள். அதே பெரியவர்களின் முன் ஒரு வைர மோதிரத்தை வைத்தால் கேள்விகள் நின்றுவிடுகின்றன. "நல்லா மின்னுது" என்பதோடு சரி.

பரிசம் போடும் நாளில் மோதிரம் மாற்றிக்கொள்ளும் வழக்கம் நம்மிடையே பரவிவிட்ட இக்காலத்தில், அந்தக் கேள்விகளை இளையோராகிய நாமே கேட்கக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. படிப்புக் கடனைக் கட்டத் தொடங்கும் அதே ஆண்டில் நிச்சயதார்த்தமும் வந்து நிற்பது நம்மில் பலருக்கு நேர்வதுதான். அப்போது கடைக்காரர் பெரும்பாலும் எடுத்துக் காட்டுவது ஆய்வகத்தில் வளர்த்த வைரம் பதித்த 'ஹாலோ' மோதிரமாக இருக்கும். நடுவில் ஒரு கல், அதைச் சுற்றிச் சிறு கற்களால் ஒரு வட்டம். இந்த இரண்டையும், அதாவது கல்லையும் அமைப்பையும், தனித்தனியே புரிந்துகொண்டால் ஏமாற வாய்ப்பில்லை.

பெயரில் உள்ள சிக்கல்

முதலில் சொற்களைச் சரிசெய்துகொள்வோம். நகைக்கடைகளில் 'அமெரிக்கன் டைமண்ட்' என்று விற்கப்படும் கல் வைரமே இல்லை. அது கியூபிக் சிர்க்கோனியா என்னும் வேறொரு பொருள். வைரத்தைவிட மென்மையானது, சில ஆண்டுகள் அணிந்தால் விளிம்புகள் தேய்ந்து மங்கும். 'மொய்சனைட்' என்பதும் வைரமன்று. அது சிலிக்கன் கார்பைடு. 1893-இல் ஆன்றி முவாசான் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் அரிசோனாவில் விழுந்த விண்கல் துண்டுகளில் அதைக் கண்டறிந்தார். கடினத்தில் வைரத்துக்கு அடுத்த நிலையில் நிற்கும் நல்ல கல்தான். ஆனால் வைரத்தைவிட அதிகமாக வானவில் நிறங்களைச் சிதறடிப்பதால் பழகிய கண் அடையாளம் கண்டுகொள்ளும்.

ஆய்வக வைரம் இவ்விரண்டையும் போன்றதன்று. அது கரிம அணுக்களால் ஆன வைரமே. கடினம் 10, ஒளிவிலகல் எண் 2.42, அடர்த்தி 3.52 என்று எல்லா அளவுகளும் மண்ணில் கிடைத்த வைரத்தின் அளவுகளே. கடைக்காரர் கையில் வைத்திருக்கும் சிறு சோதனைக் கருவி இரண்டுக்கும் ஒரே விடைதான் சொல்லும். வேறுபாட்டைக் காண நிறமாலைக் கருவிகள் உள்ள ஆய்வுக்கூடம் தேவை.

தமிழில் இதைச் 'செயற்கை வைரம்' என்று எழுதுகிறார்கள். அச்சொல் பிழையன்று; ஆனால் 'செயற்கை' என்றதும் நம் காதில் 'போலி' என்றே விழுகிறது. செயற்கைப் பூ பூவாகாது, செயற்கைப் பட்டு பட்டாகாது. செயற்கை வைரமோ வைரம். அமெரிக்காவின் கூட்டரசு வணிக ஆணையம் 2018-இல் தன் வழிகாட்டியைத் திருத்தியபோது, வைரத்தின் வரையறையிலிருந்து 'இயற்கை' என்ற சொல்லையே எடுத்துவிட்டது. சிப்பிக்குள் மனிதர் கருவிட்டு விளைவித்த முத்தை நாம் 'வளர்ப்பு முத்து' என்கிறோம். யாரும் அதைப் போலி என்பதில்லை. அதே முறையில் 'வளர்ப்பு வைரம்' என்ற சொல்லே எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. கடைகளில் புரிய வேண்டும் என்பதற்காக இங்கே 'ஆய்வக வைரம்' என்றே எழுதுகிறேன்.

எப்படி விளைகிறது?

மண்ணின் வைரம் நிலத்துக்கடியில் ஏறத்தாழ 150 கிலோமீட்டருக்கும் கீழே, நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்பு உருவாகி, எரிமலைக் குழம்போடு மேலே வந்தது. அந்த வெப்பத்தையும் அழுத்தத்தையும் கருவிக்குள் உண்டாக்குவதே முதல் முறை. 1954 டிசம்பரில் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் டிரேசி ஹால் என்ற வேதியியலாளர் இதைச் செய்து காட்டினார். வளிமண்டல அழுத்தத்தைப் போல் 50,000 மடங்குக்கும் மேற்பட்ட அழுத்தம், 1,300 பாகை செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பம். அதில் கரிமம் உருகிய உலோகத்தில் கரைந்து, ஒரு சிறு வைர விதையின் மீது படிந்து வளரும்.

இரண்டாவது முறை இன்னும் வியப்பானது. காற்று வெளியேற்றப்பட்ட அறையில் மெல்லிய வைரத் தகடு ஒன்றை வைத்து, மீத்தேன், ஹைட்ரஜன் வாயுக்களைச் செலுத்தி, நுண்ணலையால் சூடேற்றுவார்கள். மீத்தேனிலிருந்து பிரியும் கரிமம் தகட்டின் மேல் அடுக்கடுக்காகப் படியும். சில வாரங்களில் பட்டை தீட்டும் அளவுக்குக் கல் வளர்ந்துவிடும்.

உலக வைரங்களில் பெரும்பகுதியைப் பட்டை தீட்டும் சூரத் நகரில் இன்று இவற்றை வளர்க்கும் ஆலைகளும் பெருகியுள்ளன. இந்திய அரசு 2023-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தபடி, இதற்கான ஆய்வு மையம் சென்னை ஐ.ஐ.டி.யில் அமைந்தது, ஐந்தாண்டுகளுக்கு ஏறத்தாழ 242 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. பதினெட்டாம் நூற்றாண்டில் பிரேசிலில் வைரம் கிடைக்கும்வரை உலகுக்கு வைரம் அளித்த முதன்மை நாடு இந்தியா. அந்தச் சுரங்கங்கள் ஓய்ந்து நெடுநாளாகிவிட்டது. இப்போது அதே நாடு ஆலையில் வைரம் விளைவிக்கிறது.

'சுற்றுச்சூழலுக்கு உகந்தது' என்ற விளம்பரத்தை மட்டும் சற்று நிதானித்துப் படிக்கவும். இக்கருவிகள் வாரக்கணக்கில் மின்சாரம் குடிப்பவை. அந்த மின்சாரம் நிலக்கரியிலிருந்து வந்ததா, சூரிய ஒளியிலிருந்து வந்ததா என்பதைப் பொறுத்தே விடை மாறும்.

விலை ஏன் இப்படி விழுந்தது?

வளர்க்கக்கூடிய பொருளுக்குத் தட்டுப்பாடு இல்லை. ஆலைகள் பெருகப் பெருக விலை இறங்கும். டி பியர்ஸ் நிறுவனம் 2018-இல் 'லைட்பாக்ஸ்' என்ற பெயரில் ஆய்வக வைரங்களை கேரட்டுக்கு 800 அமெரிக்க டாலர் என்று விற்கத் தொடங்கியது. அன்று சந்தையில் அதுவே மலிவு. 2024-இல் கேரட்டுக்கு 500 டாலர் என்று இறக்கியது. 2025 மே மாதத்தில் அந்த வணிகத்தையே மூடப்போவதாக அறிவித்தது.

இதை வாங்குபவர் இரண்டு விதமாகப் படிக்க வேண்டும். முன்பு ஒரு பட்டதாரியின் கைக்கு எட்டாத அளவுள்ள கல் இன்று எட்டுகிறது. அதே நேரத்தில், இன்று வாங்கும் கல்லை நாளை விற்கப் போனால் ஏறக்குறைய ஒன்றும் கிடைக்காது. மண்ணின் வைரத்தை வாங்கியவரும் விற்கும்போது பெரும் இழப்பையே காண்பார் என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஆனால் ஆய்வக வைரத்தில் அந்த இழப்பு ஏறத்தாழ முழுமையானது. அடகுக் கடையில் நிறுக்கப்படுவது தங்கம் மட்டுமே. 750 தரத்தில் 4 கிராம் மோதிரம் என்றால் அதில் தூய தங்கம் 3 கிராம். 2025 அக்டோபரில் தங்கம் அவுன்சுக்கு 4,000 அமெரிக்க டாலரைத் தாண்டியது நினைவிருக்கலாம். மோதிரத்தில் 'சேமிப்பு' என்று ஏதேனும் இருந்தால் அது அந்த 3 கிராம்தான்.

ஆகவே நம் வீட்டு நகைக் கணக்கில் இந்தக் கல்லைச் சேர்க்கக்கூடாது. அதைக் கல்யாணச் சேலையைப் போல, மண்டப அலங்காரத்தைப் போல, விரும்பிச் செய்யும் செலவாக எழுதிவிட வேண்டும். அப்படி எழுதிய பிறகு அந்தச் செலவு நமக்குத் தாங்குமா என்று பார்ப்பதே சரியான கணக்கு. 'இரண்டு மாதச் சம்பளம்' என்றொரு அளவை நண்பர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது எந்தச் சமூகத்தின் மரபும் இல்லை; 1980-களில் அமெரிக்காவில் வைர விளம்பரம் பரப்பிய அளவு.

பரிவேடம்

'ஹாலோ' என்ற சொல்லுக்குத் தமிழில் அழகான பெயர் உண்டு. நிலவைச் சுற்றித் தோன்றும் ஒளிவட்டத்துக்குப் பரிவேடம் என்று பெயர். நாட்டுப்புறத்தில் 'நிலா கோட்டை கட்டியிருக்கு' என்பார்கள். இந்த மோதிரத்தைப் 'பரிவேட மோதிரம்' என்று சொல்லலாமே!

அமைப்பும் நமக்கு அந்நியமானதன்று. நம் பாட்டிமார் காதில் மின்னிய ஏழுகல் தோட்டை நினைத்துப் பாருங்கள். நடுவில் ஒரு கல், சுற்றிலும் ஆறு. ஒரே அளவுள்ள வட்டங்களை அடுக்கினால் ஒன்றைச் சுற்றி ஆறு மட்டுமே இடைவெளியின்றிப் பொருந்தும் என்பது வடிவியல். பரிவேட மோதிரத்தில் நடுக்கல் பெரியது, சுற்றுக்கற்கள் மிகச் சிறியவை. அதனால் எண்ணிக்கை கூடும். வேறுபாடு அவ்வளவே.

இதன் பயனைக் கணக்கால் காண்போம். வைரத்தின் எடை கேரட்டில் அளக்கப்படும். 1 கேரட் என்பது 0.2 கிராம். (தங்கத்தின் தரத்தைக் குறிக்கும் கேரட் வேறு; பெயர் ஒன்றாக இருப்பதால் வரும் குழப்பம் கொஞ்சநஞ்சமில்லை. தமிழ்நாட்டுக் கடைகளில் வைரக் கேரட்டை நூறாகப் பிரித்து 'சென்ட்' என்பார்கள்.) வட்ட வடிவில் அரை கேரட் கல்லின் அகலம் ஏறத்தாழ 5.1 மி.மீ., 1 கேரட் கல்லின் அகலம் 6.5 மி.மீ., 2 கேரட் கல்லின் அகலம் 8.1 மி.மீ. எடை நான்கு மடங்காகும்போது அகலம் ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல்தான் கூடுகிறது.

இப்போது அரை கேரட் கல்லைச் சுற்றி 1.3 மி.மீ. அகலமுள்ள கற்களைப் பதியுங்கள். ஏறத்தாழ 15 கற்கள் பிடிக்கும். ஒவ்வொன்றும் 0.01 கேரட், மொத்தம் 0.15 கேரட் மட்டுமே. ஆனால் மோதிர முகத்தின் அகலம் 8 மி.மீ. ஆகிவிடுகிறது. இரண்டு கேரட் கல்லின் அகலம்! பெரிய கல் வாங்க முடியாதவருக்கு இந்த வடிவம் பிடித்துப்போனதன் காரணம் இதுவே.

இங்கேதான் யோசிக்க வேண்டிய ஒன்று வருகிறது. நடுக்கல் விலையுயர்ந்ததாக இருந்த காலத்தில் பரிவேடம் ஒரு சிக்கன வழி. ஆய்வக வைரத்தில் பெரிய கல்லே மலிந்துவிட்ட பிறகு அந்தக் காரணம் வலுவிழந்துவிட்டது. 15 சிறு கற்களைப் பதிக்கும் கூலி, அவை ஒவ்வொன்றும் விழக்கூடிய வாய்ப்பு ஆகியவற்றைக் கூட்டிப் பார்த்தால், தனிக்கல் மோதிரம் சில வேளைகளில் மலிவாகவே முடியும். எனவே பெரிதாகக் காட்ட வேண்டும் என்பதற்காகப் பரிவேடத்தை எடுக்காதீர்கள். அந்த வடிவம் பிடித்திருந்தால், பாட்டியின் தோட்டை நினைவூட்டினால், எடுங்கள். என் விருப்பத்தைக் கேட்டால், அரை கேரட்டுக்கும் முக்கால் கேரட்டுக்கும் இடைப்பட்ட நடுக்கல்லோடு ஒரே ஒரு வட்டம் போதும். ஒன்றரை கேரட் கல்லைச் சுற்றி இரட்டை வட்டம் போட்ட மோதிரங்களையும் காட்டுகிறார்கள். நம் பெண்களின் விரலுக்கு அது மோதிரம் போலத் தெரிவதில்லை, ஒட்டியாணத்தின் முகப்பைப் போலத் தெரிகிறது.

கடையில் கேட்க வேண்டியவை

சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் கோவலன் மதுரையின் மணிக்கடைத் தெருவைக் கடந்து செல்கிறான். அங்கே வைரத்துக்குரிய நான்கு குற்றங்களை இளங்கோவடிகள் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார்: காக்கையின் கால் போன்ற கீறல், களங்கம், புள்ளி, கோடு. இன்று உருப்பெருக்கியில் பத்து மடங்கு பெரிதாக்கிப் பார்ப்பவரும் ஏறத்தாழ இவற்றைத்தான் தேடுகிறார்.

தரச் சான்றிதழ் இல்லாத நடுக்கல்லை வாங்க வேண்டாம். ஆய்வக வைரங்களுக்கு ஐ.ஜி.ஐ. நிறுவனத்தின் சான்றிதழே அதிகம் புழங்குகிறது. அதில் எடை, நிறம், தூய்மை, பட்டைத் தரம் எல்லாம் இருக்கும். ஜி.ஐ.ஏ. எனப்படும் அமெரிக்க இரத்தினவியல் கழகம் 2025 அக்டோபர் முதல் ஆய்வக வைரங்களுக்கு அந்தப் பழைய நிறத் தரங்களையும் தூய்மைத் தரங்களையும் விட்டுவிட்டு 'பிரீமியம்', 'ஸ்டாண்டர்ட்' என்ற இரண்டே வகைகளைத் தருகிறது. ஆய்வக வைரங்களில் பெரும்பாலானவை உயர்தரத்திலேயே வந்து குவிவதால் நுணுக்கமாகப் பிரிப்பதில் பொருளில்லை என்பது அதன் வாதம். வாங்குபவருக்கும் அது நல்ல பாடந்தான். நிறத்திலும் தூய்மையிலும் உச்சத் தரத்துக்காகக் கூடுதல் பணம் கொடுப்பது வீண். பட்டைத் தரத்துக்கு மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். கல்லுக்குள் நுழைந்த ஒளி மேலே திரும்பி வருவதும் அடியில் ஒழுகிப் போவதும் பட்டையின் கோணங்களைப் பொறுத்தது.

கல்லின் இடுப்பில் சான்றிதழ் எண்ணையும் 'ஆய்வகத்தில் வளர்ந்தது' என்ற பொருள்படும் ஆங்கிலச் சொல்லையும் லேசரால் பொறித்திருப்பார்கள். உருப்பெருக்கியைக் கேட்டு வாங்கி, எண் பொருந்துகிறதா என்று நீங்களே பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் வேறு கடைக்குப் போகலாம்.

சான்றிதழில் சரியாகத் தெரியாத ஒன்று கல்லின் சாயல். வாயுவில் வளர்ந்த கற்களில் சிலவற்றில் மெல்லிய பழுப்புச் சாயலும், அழுத்த முறையில் வளர்ந்த சிலவற்றில் நீலச் சாயலும் இருக்கும். கடை விளக்குகளின் கீழ் எல்லாக் கல்லும் மின்னும். வெள்ளைத் தாளை மடித்து, கல்லைக் கவிழ்த்து வைத்து, வாசல் வெளிச்சத்தில் பாருங்கள்.

பரிவேடத்துக்கே உரிய கேள்வி இன்னொன்று உண்டு. சுற்றுக்கற்கள் எவை? அவற்றுக்குத் தனிச் சான்றிதழ் கிடைப்பது அரிது. நடுக்கல் வெண்மையாகவும் சுற்றுக்கற்கள் மஞ்சள் சாய்ந்தும் இருந்தால் வட்டம் அழுக்கேறியது போலத் தோன்றும். 'மொத்தம் 0.65 கேரட்' என்று எழுதியிருந்தால் அதில் நடுக்கல் எவ்வளவு என்று கேளுங்கள்.

தங்கத்தைப் பொறுத்தவரை 916 வேண்டும் என்று வீட்டில் சொல்வார்கள். சங்கிலிக்கும் வளையலுக்கும் அது சரி. ஆனால் 1.3 மி.மீ. கல்லைப் பிடித்திருக்கும் நகங்கள் நூல் பருமனே உள்ளவை. 916 தங்கம் அதற்கு மென்மை. 750 தரமே பாதுகாப்பானது. வெள்ளைத் தங்கம் என்றால் மேலே ரோடியம் முலாம் இருக்கும்; அது தேயும்போது மீண்டும் பூச வேண்டும். மஞ்சள் 750-இல் வளையத்தைச் செய்து, முகத்தை மட்டும் வெள்ளையாக வைப்பது நம் மற்ற நகைகளோடும் ஒத்துப்போகும்.

வளையத்தின் மீதும் கற்களைப் பதித்துத் தருவார்கள். தவிர்த்துவிடுங்கள். குழந்தைப் பேற்றுக்குப் பிறகு விரல் பருத்தால், சுற்றிலும் கல் பதித்த வளையத்தைப் பெரிதாக்குவது கடினம். மேலைநாட்டு இதழ்கள், திருமண மோதிரம் பக்கத்தில் ஒட்டி உட்காரும்படி நிச்சய மோதிரத்தை உயர்த்திச் செய்யச் சொல்கின்றன. நமக்குத் தாலிதான் திருமண அடையாளம். இரண்டாவது மோதிரம் தேவையில்லை. ஆகவே முகத்தைத் தாழ்வாகவே அமைக்கச் சொல்லலாம். பட்டுச்சேலையின் நூலை இழுக்காது.

வீட்டில் சொல்வது

ஆய்வக வைரத்தை வாங்கிவிட்டுச் சபையில் வெறுமனே 'வைரம்' என்று வைப்பவர்கள் இருக்கிறார்கள். வேதியியல்படி அது பொய்யில்லை. ஆனால் பெண் வீட்டார் மனத்தில் அச்சொல் எழுப்பும் விலையும் பொருளும் வேறு. பின்னாளில் மோதிரத்தைச் சுத்தம் செய்யக் கொடுக்கும்போது, கடைக்காரர் உருப்பெருக்கியில் பார்த்து ஒரே வரியில் சொல்லிவிடுவார். அன்று உடையப்போவது இரண்டு குடும்பங்களுக்கிடையே உள்ள நம்பிக்கை.

நம் பேரவையின் முன்னாள் உறுப்பினரான அண்ணன் ஒருவர், பரிசத்துக்கு இரண்டு வாரம் முன்பே பெண்ணின் தாயாரிடம் மோதிரத்தைக் காட்டிவிட்டார். நடந்த உரையாடலை அவர் சொன்னபடியே தருகிறேன்.

"இது நெசமாலுமே வைரமா தம்பி?"

"வைரந்தான் அத்தை. ஆனா மண்ணுல எடுத்தது இல்ல, மெஷின்ல வளர்த்தது. அதனால வெல கம்மி."

"அப்ப அடகு வெச்சா?"

"தங்கத்துக்கு மட்டுந்தான் கொடுப்பாங்க."

"எங்க காலத்துல மட்டும் கல்ல நம்பி யாரு கடன் கொடுத்தா? மிச்சக் காசுல தாலிக்கொடிய ஒரு பவுனு கூடப் போடுங்க."

அந்த அம்மையாரின் கணக்கு எவ்வளவு தெளிவானது! கல்லில் மிஞ்சிய பணம் தங்கத்துக்குப் போயிற்று.

நவமணிகளில் வைரம் சுக்கிரனுக்குரியது என்பதால் சாதகம் பார்க்கும் வீடுகளும் உண்டு. புது வைரத்தைச் சில நாள் வீட்டில் வைத்துப் பார்த்த பிறகே அணிவோரும் உண்டு. ஆய்வகக் கல்லுக்கு அது பொருந்துமா என்பதை அந்தந்தக் குடும்பம் முடிவு செய்துகொள்ளட்டும். கேட்பதற்கு அவர்களுக்கு நேரம் இருக்க வேண்டும் என்பதால், கடைசி நாள்வரை காத்திராமல் சொல்லிவிடுவது நல்லது. விலைச்சீட்டிலும் 'ஆய்வக வைரம்' என்று தெளிவாக எழுதி வாங்குங்கள்.

அணிந்த பிறகு

வைரத்துக்கு ஒரு வினோத குணம் உண்டு; அது நீரை விலக்கி எண்ணெயைப் பற்றிக்கொள்ளும். சுரங்கங்களில் நொறுக்கிய பாறைத்தூளை நீரோடு கொழுப்புப் பூசிய மேடையில் ஓடவிட்டு, ஒட்டிக்கொள்ளும் வைரத்தை எடுத்ததும் இந்தக் குணத்தை வைத்தே. தேங்காய் எண்ணெய் தேய்த்த தலையையும் தாளித்த சமையலையும் தொடும் நம் விரல்களில் பரிவேடம் எவ்வளவு விரைவில் மங்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. நலங்கு மஞ்சளும் சந்தனமும் குங்குமமும் சிறு கற்களின் இடுக்கில் போய் அடைத்துக்கொள்ளும். வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் சவர்க்காரம் இரண்டு சொட்டு விட்டு, மோதிரத்தைக் கால் மணி நேரம் ஊறவைத்து, மென்மையான பல் துலக்கியால் அடிப்பக்கமாகத் தேய்த்தால் போதும். கழுவும் தொட்டியின் துளையை முதலில் அடைத்துக்கொள்ளுங்கள். மாவு பிசையும்போது மோதிரத்தைக் கழற்றி வைக்க வேண்டும். மாதம் ஒருமுறை காதருகே வைத்து விரலால் தட்டிப் பார்க்கவும். கலகலவென்று சிறு ஒலி கேட்டால் சுற்றுக்கல் ஒன்று தளர்ந்திருக்கிறது. அது விழுவதற்குள் பத்தரிடம் கொண்டுபோய் நகத்தை இறுக்கிக்கொள்ளலாம்.